மூன்றாவது கோப்பை ஏன் கசக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. இத்தாலியின் மிலான் நகரத்தில் ஒரு வீடு. விருந்தாளிகள் நால்வர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சமையலறை மேடைமீது வெள்ளிக் கூஜாவைப்போலப் பளபளத்துக்கொண்டு ஒரு யந்திரம் நிற்கிறது. வீட்டுக்காரர் காப்பிப் பொடியை அளந்து போடுகிறார். நீண்ட கைப்பிடியை மேலே தூக்கிச் சற்று நிறுத்துகிறார். பிறகு நிதானமாகக் கீழே அழுத்துகிறார். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு மெல்லிய நூலாகக் காப்பி கோப்பையில் இறங்குகிறது.

முதல் கோப்பையில் சற்றுப் புளிப்பு. இரண்டாவது கோப்பை அமிர்தம்! மூன்றாவதில் கசப்புத் தட்டுகிறது. நான்காவதில் கருகிய வாடையே அடிக்கிறது. பொடி அதே பொடி. தண்ணீர் அதே தண்ணீர். அழுத்திய கையும் அதே கைதான். நான்காவது விருந்தாளி மரியாதைக்காக ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெல்லக் கீழே வைக்கிறார். வீட்டுக்காரரின் முகம் சுருங்கிவிடுகிறது.

கையால் அழுத்தும் எஸ்பிரஸோ யந்திரத்தை ஆசையோடு வாங்கியவர்களில் பலருக்கு நேரும் அநுபவம் இது. பொடியை மாற்றிப் பார்ப்பார்கள். அரைக்கும் பதத்தை மாற்றிப் பார்ப்பார்கள். "நமக்குக் கைராசி இல்லை" என்று சலித்துக்கொள்வார்கள். கடைசியில் நல்ல விலை கொடுத்து வாங்கிய சாமான் பரண்மேல் ஏறிவிடும். உண்மையில் குற்றம் பொடியிலும் இல்லை, கையிலும் இல்லை. யந்திரத்தின் தலைக்குச் சூடு ஏறிவிட்டது, அவ்வளவுதான்!

நீராவி போய் நெம்புகோல் வந்தது

இந்த யந்திரத்தின் கதை சுவையானது. 1901-ம் ஆண்டில் மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா என்பவர், நீராவியின் பலத்தால் ஒவ்வொரு கோப்பையாகக் காப்பி இறக்கும் யந்திரத்துக்கு உரிமை பெற முனைந்தார். அந்த உரிமையை டெஸிடேரியோ பவோனி வாங்கினார். 1905-ல் அவர் தொடங்கிய 'லா பவோனி' கம்பெனி அந்த யந்திரங்களைத் தயாரித்து விற்றது. ஆனால் நீராவியும் கொதிநீரும் நேரே பொடியில் பாய்ந்ததால் காப்பியில் கருகல் சுவை இருந்தது. அந்தக் காலத்திலேயே சூடுதான் சத்துரு!

அதே மிலானில் காப்பிக் கடை நடத்திய அக்கீலே காஜ்ஜியா இதற்கு மாற்றுத் தேடினார். நீராவியின் தயவு இல்லாமல், பிஸ்டனைக்கொண்டு வெந்நீரைப் பொடிக்குள் அழுத்துவது அவருடைய யோசனை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு, நெம்புகோலும் வில்லும் கொண்ட அவருடைய யந்திரம் காப்பிக் கடைகளில் இடம் பிடித்தது. காப்பியின்மேல் பொன்னிற நுரை படர்ந்ததும் அப்போதுதான்.

கடைக்காரருக்குக் கிடைத்த பாக்கியம் வீட்டுக்காரருக்கும் கிடைக்க வேண்டாமா? 1961-ல் லா பவோனி கம்பெனி 'யூரோப்பிக்கோலா' என்னும் சிறிய யந்திரத்தை வெளியிட்டது. இதில் வில் கிடையாது. அழுத்துபவரின் கைப்பலமே பலம். 1973-ல் வெளிவந்த 'லிவ் அண்ட் லெட் டை' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் தம் மேலதிகாரிக்குக் காப்பி தயாரித்துக் கொடுப்பது இந்த யந்திரத்தில்தான். நல்ல வேளை, பாண்ட் அன்று நான்கு கோப்பை போட வேண்டியிருக்கவில்லை!

சூடு ஏறுவது எப்படி?

யந்திரத்தின் வயிற்றுப் பகுதி ஒரு சிறிய பாய்லர். யூரோப்பிக்கோலாவில் அது சுமார் 0.8 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதற்குள்ளேயே மின்சாரச் சூடேற்றி இருக்கிறது. பாய்லரோடு நேராகப் பிணைக்கப்பட்ட உலோகத் தலைக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. தலையின் அடியில், பொடி போட்ட வடிகட்டிப் பிடி மாட்டப்படுகிறது.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடிய பாய்லருக்குள் அழுத்தம் கூடுவதால் அதைவிட அதிக உஷ்ணத்தைத் தண்ணீர் தாங்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே இன்னும் ஏறக்குறைய ஒரு மடங்கு அழுத்தம் சேர்ந்தால், உள்ளே உஷ்ணம் சுமார் 120 டிகிரியை எட்டிவிடும். பால் நுரைக்க இந்த நீராவி வேண்டியதுதான். ஆனால் எஸ்பிரஸோவுக்கு வேண்டியது 90-லிருந்து 96 டிகிரி வரை உள்ள தண்ணீர்.

இடையிலுள்ள இந்த இருபத்தைந்து டிகிரியைக் குறைப்பது யார்? உலோகத் தலைதான்! கைப்பிடியை உயர்த்தியதும் வெந்நீர் தலைக்குள் புகுந்து, தன் உஷ்ணத்தில் ஒரு பங்கை அந்த உலோகத்துக்குக் கொடுத்துவிட்டுத் தணிகிறது. தலை நன்றாகக் குளிர்ந்திருந்தால் தண்ணீர் அளவுக்கு மீறித் தணிந்துவிடும், காப்பி புளிக்கும். தலை மிதமான சூட்டில் இருந்தால் காப்பி சரியாக அமையும். அடுத்தடுத்துக் கோப்பை போடும்போது, ஒவ்வொரு முறையும் தலை வாங்கிய சூடு அங்கேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்குப் பாய்லரின் சூடும் உலோகத்தின் வழியாக ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது கோப்பைக்குள் தலையே தகிக்கத் தொடங்கிவிடும். பிறகு அது தண்ணீரை எப்படித் தணிக்கும்? கடன் வாங்கிக் கடன் வாங்கி முட்டிப்போனவன் கதைதான்!

கடைகளிலுள்ள பெரிய நெம்புகோல் யந்திரங்களின் தலை பல கிலோ கனமுள்ளது. வாங்கிய சூட்டைக் காற்றில் விட்டுவிட்டு ஒரே நிலையில் நிற்கும். வீட்டு யந்திரத்தின் சிறிய தலைக்கு அந்தச் சக்தி இல்லை.

அடையாளம் என்ன?

சூடு மீறியதை நாக்குக்கு முன்பே கை சொல்லிவிடும். கைப்பிடியை அழுத்தும்போது நல்ல எதிர்ப்பு இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் பஞ்சை அழுத்துவதுபோல் மெத்தென்று இறங்கினால், தலைக்குள் தண்ணீரோடு நீராவியும் சேர்ந்துகொண்டது என்று அறியலாம். நன்றாகக் கறுக வறுத்த கொட்டையில் இந்தக் கெடுதல் உடனே தெரியும். இளம் வறுவலாக இருந்தால் சற்று அதிகச் சூட்டைத் தாங்கும்.

அநுபவசாலிகள் தலையின் வெளிப்புறத்தில் உஷ்ணம் காட்டும் சிறு பட்டை ஒன்றை ஒட்டிவைக்கிறார்கள். வெளிப்புறத்தில் 80-லிருந்து 85 டிகிரி வரை காட்டும்போது காப்பி இறக்கத் தொடங்கலாம் என்பது பலருடைய கணக்கு. அதைவிட ஏறினால் பொறுத்திருக்க வேண்டும்.

தணிக்கும் வழிகள்

முதல் வழி செலவில்லாதது: யந்திரத்தை வீணாக எரியவிடாமல் இருப்பது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய், அரை மணி கழித்து வந்தால் முதல் கோப்பையே கருகும். தண்ணீர் சூடாகி அழுத்தம் ஏறியதும், நீராவிக் குழாயைச் சற்றுத் திறந்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விட வேண்டும். அழுத்தம் மறுபடி ஏறியதும் கைப்பிடியை மெல்ல உயர்த்திச் சிறிது வெந்நீரை வெளியேற்றினால் தலை இதமாகச் சூடேறும். முதல் கோப்பையின் புளிப்பு நீங்கும். இரண்டு கோப்பை ஆனதும் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது வழி, ஈரத் துணி. குளிர்ந்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியைத் தலையைச் சுற்றி ஒரு நிமிஷம் போர்த்தினால் சூடு இறங்கும். துணியிலிருந்து தண்ணீர் சொட்டி அடியிலுள்ள மின்சாரப் பகுதிக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது வழி, வடிகட்டிப் பிடியையே மருந்தாக்குவது. பொடியில்லாத பிடியைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தித் துடைத்து, தலையில் மாட்டிச் சற்று நேரம் விட்டால், அந்தக் கனத்த உலோகம் தலையின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சூடான பிடியைக் கழற்றி மறுபடி நீரில் இடலாம். விருந்தாளிகள் பேசிக்கொண்டிருக்கும்போதே இந்த வேலை முடிந்துவிடும்.

நான்காவது, வரிசை. எல்லோருக்கும் காப்பியை இறக்கிவிட்டுக் கடைசியில் பாலை நுரைக்க வேண்டும். பாலை முதலில் நுரைத்தால், அவ்வளவு நேரமும் பாய்லர் முழு வேகத்தில் எரிந்து தலையைச் சுட வைக்கும். தலைக்கும் பாய்லருக்கும் நடுவே சூடு கடத்தாத டெஃப்லான் வாஷர் போடுகிறவர்களும் உண்டு. பாய்லரின் அழுத்தத்தைக் குறைத்து வைக்கவும் இடமுண்டு. ஆனால் அது பழுது பார்க்கும் மெக்கானிக்கின் வேலை.

கை பத்திரம்!

காப்பி கெட்டால் பொடிதான் நஷ்டம். கை வெந்தால் அப்படியல்ல. பாய்லரில் அழுத்தம் இருக்கும்போது எக்காரணத்தைக்கொண்டும் மேல்மூடியைத் திறக்கக்கூடாது. நடுவில் தண்ணீர் குறைந்தால் சுவிட்சை அணைத்து, நீராவியை முழுவதும் வெளியேற்றி, சீறல் நின்ற பிறகே மூடியைத் தொட வேண்டும். காப்பி இறக்கியவுடன் அவசரப்பட்டுப் பிடியைக் கழற்றினால், உள்ளே மிஞ்சிய அழுத்தம் சுடு பொடியை வாரி முகத்தில் அடிக்கும். அழுத்தும்போது கைப்பிடியைப் பாதியில் நழுவவிட்டால் அது மேல்நோக்கித் துள்ளும், தாடைக்கு ஆபத்து. தண்ணீர் வற்றிப்போக எரியவிட்டால் சூடேற்றியும் கெட்டுவிடும்.

மிலான் வீட்டுக்காரருக்கு இனி என்ன சொல்வது? நால்வருக்கும் ஒரே மூச்சில் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தை விட்டால் போதும். இருவருக்குக் கொடுத்துவிட்டு, தலைக்கு ஈரத் துணி போர்த்தி, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம். மூன்றாவது விருந்தாளி ஐந்து நிமிஷம் காத்திருக்க நேரும். ஆனால் அவர் கோப்பையைக் கீழே வைக்கும்போது அது காலியாக இருக்கும்!