மோட்டார் சைக்கிளின் முதுகெலும்பு

தெம்பனிஸ் வீவக புளோக்குகளின் அடியில் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கண்ணில் படுவது எண்ணெய்த் தொட்டியும் எஞ்சினும்தான். இவற்றையெல்லாம் தாங்கும் சட்டகத்தை, அதாவது பிரேமை, யாரும் கவனிப்பதில்லை. அதை நாமே வீட்டில் செய்துகொள்ள முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பெல்ஃபாஸ்ட் நகரில் ரெக்ஸ் மெக்காண்ட்லஸ் என்பவர் தாமாகவே தொழில் கற்றவர். அவர் வகுத்த இரட்டை வளையச் சட்டகத்தை நார்ட்டன் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1950இல் அந்த வண்டியில்தான் ஜெஃப் டியூக் மான் தீவின் சீனியர் பந்தயத்தை வென்றார். இறகு மெத்தையில் அமர்ந்தாற்போல் இருக்கிறது என்று ஓட்டுநர் ஒருவர் சொல்லப்போக, 'ஃபெதர்பெட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

தெம்பனிஸ் என்பது இரும்பு போல் உறுதியான ஒரு மரத்தின் பெயர். ஆனால் சட்டகத்துக்கு உறுதி மட்டும் போதாது, நேர்மை வேண்டும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1,400 மில்லிமீட்டர் என்று வையுங்கள். சட்டகம் ஒரே ஒரு பாகை கோணினால், கடைசியில் விலகல் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர்! வேகமாகப் போகையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

கோணல் எங்கிருந்து வருகிறது? பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆகவே கைதேர்ந்தவர்கள் கனமான இரும்பு மேசையில் குழாய்களை இறுகப் பிணைத்துக்கொள்வார்கள். இந்த அமைப்பைப் பட்டறையில் ஜிக் என்பார்கள். முதலில் எல்லா மூட்டுகளிலும் பொட்டுப் பொட்டாக ஒட்டவைத்து, அளந்து பார்த்து, பிறகே இடமும் வலமுமாக மாற்றி மாற்றி முழுமையாகப் பற்றவைப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல இது. தீப்பொறி அண்டை வீட்டையும் விடாது.

இன்னொன்று. வண்டியின் பதிவு, சட்டகத்தில் பொறித்த எண்ணோடு பிணைந்தது. சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் சட்டகத்தை மாற்றியமைக்க அனுமதிப்பதில்லை. எனவே இங்கு ஒருவர் சொந்தமாகச் செய்வது கற்பதற்கும் காட்சிக்கும் மட்டுமே, சாலைக்கு அன்று.

ஆயினும் சட்டக வேலையில் ஒரு பாடம் எல்லாருக்கும் உதவும். பழைய வண்டி வாங்குகிறீர்கள், அல்லது உங்கள் வண்டி எங்கோ மோதிவிட்டது. கைப்பிடியை நேராக வைத்து வண்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் இரு புறமும் நூலை ஒட்டினாற்போல் இழுத்து, முன்சக்கரம் வரை கொண்டுவாருங்கள். முன்சக்கரத்தின் இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பின்னால் சங்கிலியை இறுக்கும் திருகுகளின் குறிகள் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்து, மறுபடி நூல் பிடியுங்கள். அப்போதும் வேறுபட்டால், சட்டகமோ முன் கவையோ வளைந்திருக்கக்கூடும். அந்த வண்டியை ஓட்டிப் பார்க்காமல், தள்ளிக்கொண்டே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.