எத்தனை லேயர், எந்த அளவுத் தாள்?

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் ஏறி ‘படம் வரைய ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ணணும்’ என்று சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, ‘பட்ஜெட் எவ்ளோ சார்?’ அடுத்தது, ‘கேமிங்கா, எடிட்டிங்கா?’ இரண்டுக்கும் பதில் சொன்னதும் கொட்டேஷன் தாள் நிரம்பத் தொடங்கிவிடும். மேல் வரியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. பணத்தில் ஏறக்குறைய பாதி அதிலேயே போய்விடும். மிச்சத்துக்குள் பிராசஸர், மதர்போர்டு, ரேம் எல்லாம் அடங்கியாக வேண்டும். எஸ்எம்பிஎஸ், பெயரே கேள்விப்படாத கம்பெனியாக இருக்கும். மானிட்டரா? ‘வீட்ல இருக்கிறதே போதும் சார்.’

கேம் ஆடுகிறவருக்கு இந்தக் கணக்கு சரி. புத்தக அட்டையும் காமிக்ஸும் வரைகிறவருக்கு இது தலைகீழ். எவ்வளவு பெரிய தாளில் வரைவீர்கள், எத்தனை லேயர் போடுவீர்கள் என்று கேட்ட கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் பட்டியலின் வரிசையே வேறாக இருந்திருக்கும்.

கிரிட்டா, கிளிப் ஸ்டூடியோ பெயின்ட், போட்டோஷாப் மூன்றிலும் நாம் ஒரு பிரஷ்ஷை இழுக்கும்போது அந்தக் கோட்டைக் கணக்குப் போட்டுத் தருவது பெரும்பாலும் பிராசஸர்தான். கேன்வாஸைப் பெரிதாக்குவது, சுழற்றுவது, திரையில் காட்டுவது, சில ஃபில்டர்கள் ஆகியவை கிராபிக்ஸ் கார்டின் வேலை. இந்த வேலைகளுக்குச் சாதாரணக் கார்டே தாராளம்; பல நேரம் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். பெரிய, மென்மையான பிரஷ்ஷை இழுத்தால் கோடு பேனாவுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறதா? அங்கே விலை உயர்ந்த கார்டைச் செருகிப் பயனில்லை. பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சி அமைத்து ரெண்டர் எடுப்பவர் கதை வேறு. அவருக்குக் கார்டுதான் உயிர். ஆகவே, வாரத்தில் எத்தனை மணி நேரம் பிளெண்டரில் கழிகிறது என்பதை முதலில் நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். ‘எப்பவாவது கத்துக்கலாம்னு இருக்கேன்’ என்பதற்காக இன்றைக்கே கார்டுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம். மதர்போர்டில் அதற்கான ஸ்லாட் காலியாகக் காத்திருக்கும்.

பணம் முதலில் போக வேண்டிய இடம் ரேம். ஏன் என்பதற்குப் பெருக்கல் கணக்கு போதும். ஏ4 தாளை 300 டிபிஐயில் திறந்தால் அகலம் 2480 புள்ளி, உயரம் 3508 புள்ளி. மொத்தம் சுமார் 87 லட்சம் புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று ஒரு புள்ளிக்கு 4 பைட். ஆக, முழுக்க வண்ணம் நிரம்பிய ஒரு லேயருக்குச் சுமார் 35 எம்பி. இது ஒன்றுமில்லை. அதையே ஏ3 அளவில் 600 டிபிஐயில் திறந்தால் ஒரு லேயர் 280 எம்பியைத் தொடும். நாற்பது லேயர் போட்டால் 11 ஜிபி. வண்ணச் சாய்வுகள் பட்டை பட்டையாகத் தெரியக் கூடாது என்று 16 பிட்டுக்கு மாற்றினால் அதுவும் இரட்டிப்பு, 22 ஜிபி. வெற்றிடமாக விட்ட பகுதிக்கு மென்பொருள் ரேமை ஒதுக்காது என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஆனால் பின்னோக்கிப் போக வேண்டுமே, அந்த ‘அண்டூ’ படிகளும் ரேமில்தான் குந்தியிருக்கும். விண்டோஸும், குறிப்புப் படங்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் பிரவுசரும் நாலைந்து ஜிபியைச் சத்தமில்லாமல் விழுங்கும். ரேம் தீர்ந்ததும் மென்பொருள் எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுக்கும். அப்போதுதான் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பெருமூச்சு.

இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் வரைகிறவருக்கு 16 ஜிபி போதும். அச்சுக்குப் போகிறவர் 32 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. வாங்கும்போது ஒரே குச்சியாக வாங்காமல், இரண்டு 16 ஜிபி குச்சிகள் சேர்ந்து வரும் கிட்டாக வாங்குங்கள்; பிராசஸர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் தரவை எடுத்துக்கொள்ளும். நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்புவதிலும் சிக்கல் உண்டு. டிடிஆர்5 ரேமில் நான்கு குச்சி போட்டால் வேகம் கணிசமாக இறங்கும். 6000 என்று அச்சிட்ட ரேம், ஏஎம்டியின் ஏஎம்5 போர்டில் நான்காகப் போடும்போது 3600 வேகத்துக்குத்தான் அதிகாரபூர்வ உத்தரவாதம். ‘இப்ப ரெண்டு, அப்புறம் ரெண்டு’ என்று திட்டமிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025-ன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இது நல்ல காலம் இல்லை.

ரேமைத் தீர்மானித்ததும் பொருத்தம் பார்க்கும் படலம் தொடங்குகிறது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள். கையில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று ஏறாது. எந்த ரேம் என்பதை முடிவுசெய்வது மதர்போர்டு. எந்த மதர்போர்டு என்பதை முடிவுசெய்வது பிராசஸரின் சாக்கெட். ஏஎம்டியில் பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 மட்டும். 2022-ல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும். குழப்பம் இன்டெல் பக்கம். 12, 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் உட்காரும் எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. ஒரே மாடல் பெயரில், கடைசியில் ஒரு ‘டி4’ மட்டும் ஒட்டிக்கொண்டு வரும் போர்டுகள் இருக்கின்றன. அந்த இரண்டெழுத்தைப் பார்க்காமல் வாங்கினால் ரேம் ஏறாது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்குச் சாக்கெட்டும் வேறு, எல்ஜிஏ 1851. ரேம் டிடிஆர்5 மட்டும்.

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதுமா? போதாது. பிராசஸர் வெளிவருவதற்கு முன் தயாரான போர்டு, பயாஸ் புதுப்பிக்கப்படும்வரை அந்தப் பிராசஸரை அடையாளம் காணாது. பி450 போர்டில் ரைசன் 5000 வரிசையைப் போட்டவர்கள் பலரும் இந்தக் கறுப்புத் திரையைப் பார்த்திருப்பார்கள். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் ‘சிபியு சப்போர்ட்’ பட்டியல் இருக்கும். எந்த பயாஸ் பதிப்பிலிருந்து எந்தப் பிராசஸர் என்று அதிலேயே போட்டிருப்பார்கள். பழைய சரக்காக இருந்தால் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் தடுமாறிய கதை 2024-ல் பெரிதாகப் பேசப்பட்டது. பயாஸ் வழியாகத்தான் அதற்கும் மருந்து வந்தது. அவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதை நான் தவிர்ப்பேன்.

இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தனிக் கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது. மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ வாய் வெறும் அலங்காரமாகிவிடும். ரைசன் 5000 வரிசையில் ‘ஜி’ சேர்ந்தவற்றில்தான் கிராபிக்ஸ். 7000 வரிசையில் 7500எஃப் போன்ற ஒன்றிரண்டு நீங்கலாக எல்லாவற்றிலும் சிறியதாக ஒன்று இருக்கிறது. கார்டு இல்லாமல் தொடங்க நினைக்கும் ஓவியருக்கு ரைசன் 5 7600 எனக்குப் பிடித்த இடம்: ஆறு கோர், 65 வாட், பெட்டியிலேயே கூலர். அதன் அண்ணன் 7600எக்ஸ்-க்கு கூலர் தனியாக வாங்க வேண்டும். பில் போடும்போது இது பலருக்கும் மறந்துவிடும்.

வரைகிறவர்களுக்கே உரிய ஒரு பொருத்தச் சிக்கல் உண்டு. இதைக் கேமிங் கணினி கட்டிக் கை தேர்ந்தவர்களும் யோசிப்பதில்லை. திரை இல்லாத பென் டேப்லெட்டுக்கு ஒரு யூஎஸ்பி போதும். திரையிலேயே வரையும் பென் டிஸ்ப்ளே அப்படியில்லை; கணினியின் பார்வையில் அது இன்னொரு மானிட்டர். எச்டிஎம்ஐ ஒன்று, யூஎஸ்பி ஒன்று, பெரும்பாலும் மின்சாரத்துக்கு இன்னொரு வயர். ‘ஒரே யூஎஸ்பி-சி கேபிள் போதும்’ என்று விளம்பரத்தில் சொல்வது, படத்தையும் சேர்த்து அனுப்பத் தெரிந்த யூஎஸ்பி-சி வாய் உள்ள லேப்டாப்களுக்கு. டெஸ்க்டாப்பில் அந்த வாய் இருந்தாலும் படம் வரும் என்று உறுதியில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகள் சிலவற்றில் அந்த வசதி இருந்தது. 30 வரிசையில் எடுத்துவிட்டார்கள். இப்போதைய கார்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ ஒன்றும் டிஸ்ப்ளேபோர்ட் மூன்றும் இருக்கும். அந்த ஒரே எச்டிஎம்ஐயை மானிட்டர் பிடித்துக்கொண்டால் பென் டிஸ்ப்ளேக்கு இடமில்லை. மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கி எச்டிஎம்ஐயைப் பேனாவுக்கு விடுவது எளிய வழி.

பேனா நடுங்கினால் கணினியைச் சந்தேகிக்கும் முன் சுவரைப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று பின் பாயின்ட் இருக்கும், எர்த் வயர் இருக்காது. எர்த் சரியில்லாத இடத்தில் நேர்க்கோடு சிறு அலையாக வருவதுண்டு. டிஸ்ப்ளேயின் உலோக முதுகில் கை பட்டால் சுருக்கென்றும் இருக்கும். எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலி, புதுப் பேனா விலையைவிடக் குறைவு.

மின்சாரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் 550 வாட் என்றால், உண்மையாகவே அத்தனை வாட் தரும் கம்பெனியாக இருக்க வேண்டும். 80 பிளஸ் பிரான்ஸ் அல்லது கோல்டு சான்று உள்ளதை வாங்குங்கள். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட், 7600 பிராசஸர் முழு வேகத்தில் 88 வாட், மற்றவற்றையும் கூட்டினால் 550 வசதியாகப் போதும். கேபிள்கள் கழற்றி மாட்டும் மாடுலர் வகையாக இருந்தால், வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அதில் ஒருபோதும் செருகாதீர்கள். வாய் பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருந்தால் டிரைவும் போர்டும் புகைந்துவிடும்.

600 விஏ யூபிஎஸ் என்று விற்பதில் பெரும்பாலானவை தருவது 360 வாட்தான். வரையும்போது கணினி அவ்வளவு இழுக்காது, தாங்கும். பிளெண்டர் ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் சேர்ந்தே போய்விடக்கூடும். கார்டு போட்டவர்கள் 1000 விஏ பக்கம் போவது நல்லது. வீட்டு இன்வெர்ட்டரே போதும் என்பவர்கள், அதில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் ஃபேன் நிற்காது, கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

எஸ்எஸ்டி, கேபினெட் இரண்டையும் சட்டென்று முடித்துவிடலாம். எம்.2 வாய் இருந்தாலே என்விஎம்இ எஸ்எஸ்டி ஏறும் என்று எண்ண வேண்டாம், பழைய போர்டுகளில் சாட்டா வகை மட்டும் ஏற்பவை உண்டு. சில போர்டுகளில் ஒரு எம்.2-வை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் செத்துவிடும், மேனுவலில் போட்டிருக்கும். கேபினெட் வாங்கும்போது கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள். நம் ஊர் மே மாதத்துக்கு, முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட்டைவிட வலை போட்டது மேல், கலர் லைட் எத்தனை எரிந்தாலும்.

மிச்சம் பிடித்த பணம் மானிட்டருக்குப் போகட்டும். விலை குறைந்த திரைகளில் ‘45% என்டிஎஸ்சி’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்படிப்பட்ட திரையில் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும்; அதைச் சரிசெய்வதாக நினைத்து நீங்கள் வண்ணத்தை ஏற்ற, அச்சகத்தில் வேறொரு படம் வரும். ஐபிஎஸ் பேனல், 100% எஸ்ஆர்ஜிபி என்பது குறைந்தபட்சம். மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த டேவிட் ரெவாய், ‘பெப்பர் அண்ட் கேரட்’ காமிக்ஸை 2014 முதல் இலவச மென்பொருளான கிரிட்டாவில்தான் வரைந்துவருகிறார்.

பட்ஜெட் இதற்கும் இடம் தராவிட்டால், கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் கணினிகளைப் பார்க்கலாம். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ ஆதரவு இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்தது. இந்த ஆபீஸ் கணினிகள் பலவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய அளவு. பின்னால் கார்டு சேர்க்கும் ஆசை இருந்தால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

அசெம்பிள் முடிந்ததும் ‘டிஸ்ப்ளே வந்துடுச்சு சார்’ என்று காட்டியவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பென் டிரைவில் கிரிட்டாவின் போர்ட்டபிள் பதிப்பையும், உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஃபைலையும், டேப்லெட்டின் டிரைவரையும் கொண்டுபோங்கள். பேனாவைக் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்து பாருங்கள். 6000 ரேமுக்கு அங்கே 4800 என்று இருந்தால் ரேமை அச்சிட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போவோ எக்ஸ்எம்பியோ பயாஸில் போடவில்லை என்று பொருள். அங்கேயே போடச் சொல்லுங்கள். பிறகு ஃபைலைத் திறந்து, ஆயிரம் புள்ளி அகலமுள்ள பிரஷ்ஷால் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பர் போட்ட பில் கைக்கு வந்த பிறகு கிளம்பினால் போதும்.