கல்லைத் தூக்கினால் நாய் என்ன கற்றுக்கொள்ளும்? - மரக்காணம் உப்பளச் சாலையிலிருந்து ஒரு விளக்கம்

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மரக்காணத்தில் உப்பளங்களுக்குப் போகும் மண் சாலையில் பைக் வெளிச்சம் மட்டும்தான். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும், அதனால் தொழிலாளர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். வரப்போரம் சுருண்டு படுத்திருக்கும் நாய் சட்டென்று எழுந்து, குரைத்துக்கொண்டே பின் சக்கரத்தைத் துரத்தும். ஓட்டுபவர் காலைத் தூக்கிக்கொள்வார், ஆக்ஸிலரேட்டரை முறுக்குவார். மறுநாள் கையில் ஒரு கல்லோடு வருவார்.

இது மரக்காணத்துக்கு மட்டும் சொந்தமான காட்சி இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வேளச்சேரி சந்துக்குள் வண்டியைத் திருப்புகிறவருக்கும் இதே கதைதான். வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கோ வேறு மாதிரி பிரச்சினை: காலிங் பெல் அடித்தால் கத்தல், விருந்தாளி வந்தால் பாய்ச்சல், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் நடுக்கம். நம் கையில் இருக்கும் வழக்கமான மருந்து அதட்டல், செயின், குச்சி, கல். இவை எதுவுமே நாய்க்கு நாம் நினைக்கிற பாடத்தைக் கற்றுத்தருவதில்லை என்பதுதான் சிக்கல்.

துரத்தும் நாய்க்குப் பரிசு கொடுப்பது யார்?

நாய் இருக்கும் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தூரத்தில் சத்தமாக ஏதோ வருகிறது. குரைக்கிறது, ஓடுகிறது. அந்த 'ஏதோ' வேகமெடுத்துப் போய்விடுகிறது. நாயைப் பொறுத்தவரை வெற்றி! பைக் எப்படியும் போகத்தான் போகிறது என்பது அதற்குத் தெரியாது. தான் குரைத்ததால்தான் போனது என்று எடுத்துக்கொள்கிறது. தினமும் பத்து பைக் வந்தால் தினமும் பத்து வெற்றி.

ஒரு செயலுக்குப் பிறகு நல்லது நடந்தால் அந்தச் செயல் மறுபடி வரும். பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துச் சோதித்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-லேயே கண்ட விஷயம் இது. நாம் முறுக்கும் ஆக்ஸிலரேட்டர்தான் அந்த நாய்க்குப் பரிசு. அதனால்தான் வேகத்தைக் குறைத்தாலோ, வண்டியை நிறுத்தினாலோ பெரும்பாலான நாய்கள் குழம்பி நின்றுவிடுகின்றன. துரத்த எதுவும் இல்லையே!

சரி, கல்? கல் பட்டால் வலிக்கும், நாய் ஓடும். 'பார்த்தீங்களா, வேலை செய்யுதுல்ல' என்று தோன்றும். ஆனால் நாய் அங்கே கற்றது 'துரத்தக் கூடாது' என்பதை அல்ல. 'பைக்கில் வருகிற ஆளால் வலி வரும்' என்பதைத்தான். மணி அடித்தால் சோறு வரும் என்று பாவ்லோவின் நாய்கள் கற்றதே, அதே பாடத்தின் கசப்பான பதிப்பு. பயம் கூடிய நாய் அடுத்த முறை பத்தடியில் எழாது, முப்பதடியிலேயே எழும். கல்லெடுக்கத் தெரியாத ஒரு பள்ளிக் குழந்தை சைக்கிளில் வரும்போது அந்தக் கணக்கு அங்கே தீர்க்கப்படலாம்.

வளர்ப்பு நாய்களிடம் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். போர்ச்சுகலில் அனா கத்தரினா வியேரா டி காஸ்ட்ரோ தலைமையிலான குழு, பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 நாய்களை ஆராய்ந்து 2020-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் முடிவை வெளியிட்டது. பரிசு கொடுத்துப் பழக்கிய பள்ளிகளின் நாய்களைவிட, செயினைச் சுண்டியும் அதட்டியும் பழக்கிய பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன. பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் கார்டிசால் ஹார்மோனும் கூடியிருந்தது. பள்ளிக்கு வெளியே வைத்த ஒரு சோதனையில்கூட, கடுமையாகப் பழக்கப்பட்ட நாய்கள் 'இந்தக் கிண்ணத்தில் ஒண்ணும் இருக்காது' என்கிற மாதிரி தயங்கித் தயங்கித்தான் நடந்தன.

நம்ம தெருநாயே சாட்சி

'இதெல்லாம் லேப்ரடாருக்கு சரி, நம்ம ஊர் நாட்டு நாய்க்கு எடுபடுமா?' என்பது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வெளிநாட்டிலிருந்து வரத் தேவையில்லை. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாக இந்தியத் தெருநாய்களைத்தான் ஆராய்ந்துவருகிறது.

அவர்களின் 2017 ஆய்வு சுவாரஸ்யமானது. அறிமுகமில்லாத மனிதர் உணவை நீட்டினால் தெருநாய்கள் கையிலிருந்து வாங்கத் தயங்கின. தரையில் வைத்ததையே எடுத்தன. அதன் பிறகு சில நாய்களுக்குக் கூடுதல் உணவு, சில நாய்களுக்குத் தலையில் மெல்லத் தடவல் என்று பல நாள் தொடர்ந்தார்கள். நம்பிக்கையோடு நெருங்கி வந்தவை தடவல் பெற்ற நாய்கள்!

2020-ல் வந்த இன்னொரு ஆய்வு இந்தக் கட்டுரைக்கு இன்னும் முக்கியம். மூடிய இரண்டு கிண்ணங்களில் ஒன்றை ஆய்வாளர் கையால் சுட்டிக்காட்டுவார். எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய் அந்தக் கிண்ணத்துக்குப் போகுமா? முன்வந்த நாய்களில் சுமார் 80 சதவீதம் சரியாகப் போயின. ஆனால், ஏறக்குறைய பாதி நாய்கள் கிண்ணத்தின் பக்கமே வரவில்லை. அவை பதற்றமாகவே இருந்தன.

அந்தப் பாதிதான் விஷயம். அவையெல்லாம் புத்தி குறைந்த நாய்கள் என்று சொல்லிவிட முடியாது. பயத்தில் இருக்கிற மூளை பாடம் கேட்காது, அவ்வளவுதான். இன்டர்வியூ அறையில் தெரிந்த பதிலும் மறந்துபோன அனுபவம் இருப்பவர்களுக்கு இது புரியும். அதனால்தான் மென்மையான பயிற்சியில் முதல் வேலை 'உட்கார்', 'நில்' சொல்லிக்கொடுப்பது இல்லை. நாயை அமைதியாக்குவது.

லஞ்சமா, சம்பளமா?

இந்த முறையின் வேர் ஒருவகையில் கடலில் இருக்கிறது. அமெரிக்காவின் கேரன் பிரையர் 1960-களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கியவர். டால்ஃபினைச் செயினில் கட்ட முடியாது, அடித்தால் நீந்திப் போய்விடும். எனவே சரியாகச் செய்த நொடியில் ஒரு விசில், பின்னாலேயே ஒரு மீன். இதே உத்தி நாய்களுக்கும் பொருந்தும் என்று 1984-ல் 'டோன்ட் ஷூட் தி டாக்' என்ற புத்தகத்தில் விளக்கினார்.

விசிலுக்குப் பதில் நாக்கைச் சொடுக்கும் 'டக்' சத்தம் போதும், அல்லது 'சபாஷ்' என்ற ஒரே சொல். முக்கியம் நேரம்தான். நாய் உட்கார்ந்து ஓரிரு விநாடிக்குள் சத்தமும் தீனியும் வர வேண்டும். அரை நிமிடம் கழித்து ஃப்ரிட்ஜைத் திறந்தால், நாய் அதற்குள் எழுந்து சோஃபாவைக் கடித்திருக்கும். பரிசு அதற்குப் போய்ச் சேரும்.

'இது நாய்க்கு லஞ்சம் கொடுக்கிற மாதிரி இல்லையா?' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். பிஸ்கட்டை முன்னால் ஆட்டிக் காட்டி 'வா வா' என்றால் லஞ்சம்தான். வேலை முடிந்த பிறகு கொடுத்தால் சம்பளம். பழக்கம் படிந்ததும் ஒவ்வொரு முறையும் தீனி வேண்டியதில்லை. சில நேரம் தடவல், சில நேரம் விளையாட்டு என்று மாற்றலாம்.

அமைதியையும் இப்படியே வளர்க்கலாம். பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். நாய் கத்தும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்கிறோம். பேசாமல் படுத்திருக்கும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. தலைகீழாகச் செய்யுங்கள். தானாகப் படுத்து, பெருமூச்சு விட்டு, தாடையைத் தரையில் வைக்கிறதா? சத்தமில்லாமல் போய் அதன் முன்னால் ஒரு துண்டு வைத்துவிட்டு வாருங்கள். துண்டு பட்டாணி அளவு போதும்.

பைக்கைக் கண்டால் எகிறும் வளர்ப்பு நாயா? பைக் சாலையின் அந்தக் கோடியில், நாய் பார்த்தும் இன்னும் குரைக்காத தூரத்தில் இருக்கும்போதே தீனி தொடங்க வேண்டும். பைக் போனதும் தீனி நிற்க வேண்டும். நாள் போகப்போகத் தூரத்தைக் குறைக்கலாம். குரைத்துவிட்டால் நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பத்தடி பின்னால் போங்கள். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் தோற்கிறார்கள், நாய்கள் இல்லை.

நாய் முன்கூட்டியே சொல்லும், நாம்தான் கவனிப்பதில்லை. நார்வே பயிற்சியாளர் துரித் ருகாஸ் இந்தச் சைகைகளைத் தொகுத்துப் பிரபலமாக்கினார்: கொட்டாவி, மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், திடீரென தரையை மோப்பம் பிடித்தல். குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நாய் கொட்டாவி விட்டால் அது தூக்கமாகவே இருக்க வேண்டியதில்லை. 'கொஞ்சம் விலகுங்களேன்' என்பதாகவும் இருக்கலாம்.

உப்புக் கரையில் கூடுதல் கவனம்

உப்பள ஊரில் இந்தப் பாடங்களுக்கு ஒரு தனி அத்தியாயம் வேண்டும். நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும் நாய் பதற்றத்தில் இருக்கலாம். வெறும் தாகத்திலும் இருக்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பாத்தி, நிழலுக்கு மரம் இல்லை, இருக்கிற தண்ணீர் எல்லாம் உப்பு. பாத்தி நீரையோ கடல்நீரையோ அதிகம் குடித்த நாய்க்கு வாந்தி, தள்ளாட்டம், வலிப்புவரை வரலாம். கொட்டகை ஓரம் ஒரு சட்டி நல்ல தண்ணீர் எந்தப் பயிற்சிக்கும் முந்தைய பயிற்சி. கடலோர வீடுகளில் கைக்குக் கிடைக்கும் கருவாடும் பரிசாகச் சரிவராது, அதிலும் உப்புதான். உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மீன் நல்லது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் எந்த ஊர் நாய்க்கும் ஆகாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிக்கு வளர்ப்பு நாயோடு வருகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தூர தேசத்திலிருந்து வந்து இறங்கிய பறவைக் கூட்டத்தைத் துரத்துவது நாய்க்கு ஜாலியான ரீல்ஸ். பறவைக்கு அப்படி இல்லை. கூப்பிட்டால் திரும்பி வரப் பழகும்வரை கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

தீபாவளியும் இடியும்

'பயந்த நாயைக் கொஞ்சினால் பயம் அதிகமாகும்' என்பது ரொம்ப நாள் வதந்தி. பயம் ஒரு உணர்ச்சி. ஆறுதல் சொன்னதற்காக யாரும் கூடுதலாகப் பயப்படுவதில்லை. பக்கத்தில் உட்காருங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனையோ டிவியையோ சத்தமாக வையுங்கள். தமிழகத்தில் தீபாவளியன்று காலை 6-7, இரவு 7-8 என்றே பட்டாசுக்கு நேரம் ஒதுக்கப்பட்டுவருகிறது. யாரும் அப்படியே கடைப்பிடிப்பதில்லை, தெரியும். இருந்தாலும் நடைப்பயிற்சியை அந்த நேரங்களுக்கு முன்பே முடித்துவிடலாம். சில வாரங்களுக்கு முன்பே போனில் வெடிச்சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, கூடவே பிடித்த தீனி கொடுத்துப் பழக்கலாம். நடுங்கி, எச்சில் வடித்து, சுவரைப் பிறாண்டும் நாய்க்கு இது போதாது. கால்நடை மருத்துவரிடம் மருந்து கேட்பதில் தவறில்லை.

பிஸ்கட் செய்யாத வேலைகள்

தெருநாய் விஷயத்தில் எல்லாவற்றுக்கும் தீனியைத் தீர்வாக்க முடியாது. நடுச்சாலையில் உணவு வீசினால் நாய்கள் சாலையிலேயே கூடும், விபத்துதான் வரும். தெருவில் கண்ட இடத்தில் உணவு போடக் கூடாது, உள்ளாட்சி அமைப்புகள் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் 2023 விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. இன்னொரு பக்கம், நாயை அடிப்பதும், ஓடியாட விடாமல் எந்நேரமும் கட்டியே வைப்பதும் 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால் நாய் எவ்வளவு சாதுவானது என்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் உப்பளச் சாலை ஓய்ந்துவிடும். ஜனவரி வாக்கில் பாத்திகளைச் சீராக்கும் வேலை தொடங்கும்போது பைக்குகள் மறுபடி வரும். நம் ஊர்த் தெருநாய்கள் பெரும்பாலும் குட்டி போடுவதும் குளிர்காலத்தில்தான். மனிதர்கள், வண்டிகள், சத்தங்கள் எல்லாம் ஆபத்தில்லாதவை என்று ஒரு குட்டி எளிதாக ஏற்றுக்கொள்ளும் பருவம் பிறந்து 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12-வது வாரம்வரை என்று ஜான் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-லேயே எழுதியிருக்கிறார்கள். அதாவது, சீசனின் முதல் பைக் அந்த வரப்பைக் கடக்கும்போது, கொட்டகைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்க்கும் குட்டிக்குச் சரியாக அந்த வயசு.