கடன் வந்த வீட்டில் பேச்சு நின்றால்

2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. வண்டலூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்கு அடுத்து வருகிற மறைமலைநகர் ஆலையில் அப்போது ஏறக்குறைய 2,600 பேர் வேலை பார்த்தார்கள். 2022 மே மாதக் கடைசியில் கூடுதல் இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. நிரந்தரத் தொழிலாளிக்குப் பேசி வாங்க ஒரு சங்கம் இருந்தது, கையில் ஒரு தொகையும் வந்தது. உதிரிபாகம் செய்து கொடுத்த பட்டறையில் இருந்தவர், கான்ட்ராக்டில் வந்தவர், வேன் ஓட்டியவர், ஆலை வாசலை நம்பி டீக்கடை போட்டவர் கதை வேறு. அதற்கு ஆறு ஆண்டு முன்னால், 2015 டிசம்பரில், அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்து கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் நாசமாக்கியது. நடுவில் 2020-ன் ஊரடங்கு. இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் பல, ஒரு அடியிலிருந்து எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடியை வாங்கியிருக்கின்றன. வருமானம் போனால் என்னென்ன செலவைக் குறைக்கலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மனத்தை என்ன செய்வது என்று சொல்பவர்கள் குறைவு. பணமுடை வந்த வீட்டில் அரிசிக்கு அடுத்தபடி காப்பாற்ற வேண்டியது பேச்சைத்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்கான காரணங்களை இங்கே எடுத்து வைக்கிறேன்.

பேச்சு ஒரே நாளில் நிற்பதில்லை. வேலை போனதை மனைவியிடம் இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று கணவர் நினைக்கிறார். அதே நேரத்துக்குக் குளித்து, அதே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். மனைவி ஒரு ஜோடி வளையலை அடகு வைத்து ஸ்கூல் ஃபீஸ் கட்டிவிட்டு, சீட்டை நாலாய் மடித்துப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைக்கிறார். திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் இருவருமே சொல்லவில்லை. பிறகு வட்டி ஏறுகிறது; அதைக் கட்ட ஒரு குரூப் லோன். வாரத்தில் ஒரு காலை யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பெண்கள் உட்காருகிறார்கள். வசூலுக்கு வந்தவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும், அதுவரை கூட்டம் கலையாது. அந்த அரைமணி நேரம் தலை குனிந்து இருப்பதைவிட மேல் என்று, மனைவி தண்டல்காரரிடம் கைநீட்டுகிறார். இப்போது ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரே பள்ளத்தை இரண்டு வட்டிக்கு அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறைப்பதற்காகவே வாங்கும் கடன் அவசரக் கடன். அவசரக் கடனுக்குத்தான் வட்டி எப்போதும் அதிகம். ஆகவே மறைப்பது மனத்தை மட்டுமல்ல, கணக்கையும் கெடுக்கிறது.

பணக்கவலை புத்தியை என்ன செய்கிறது என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வு நம் ஊரில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் 2013-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது அது. தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரை, அறுவடைக்கு முன்னால் கை வறண்டிருந்தபோது ஒருமுறையும், கரும்புப் பணம் வந்த பிறகு ஒருமுறையும் சோதித்தார்கள். யோசித்து விடை சொல்ல வேண்டிய கேள்விகளில் அதே ஆட்கள் அறுவடைக்கு முன்பு மோசமாகச் செய்தார்கள். படிப்பு மாறவில்லை, ஆள் மாறவில்லை. கையிருப்பு மட்டும்தான் மாறியிருந்தது. எல்லா ஆய்வும் இதை ஆமோதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஓர் ஆய்வு, 2016-ல் வெளிவந்தது, அறிவுச் சோதனைகளில் வித்தியாசம் காணவில்லை. மாதச் சம்பளம் வரும் என்று தெரிந்தவரின் கடைசி வாரமும், வருடத்துக்கு ஒருமுறை பணம் பார்க்கும் விவசாயியின் கடைசி மாதமும் ஒன்றல்ல என்பது என் கருத்து. ஒடிசாவில் தையல் இலை தைக்கும் கூலியாட்களிடம் செய்த ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது. கூலியில் ஒரு பகுதியைச் சில நாள் முன்கூட்டியே பெற்றவர்கள் கூடுதலாக இலை தைத்தார்கள், தைப்பதில் பிழையும் குறைந்தது. கடனை அடைத்துவிட்டு உட்கார்ந்தவரின் கை வேகமாக ஓடியிருக்கிறது. நெருக்கடியில் இருக்கும் மனிதர் தப்புத் தப்பாக முடிவெடுத்தால், அவருக்குப் பொறுப்பில்லை என்று திட்டுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். தனியாக முடிவெடுக்கும் நிலையில் அவர் அப்போது இல்லை. ஆன்லைன் லோன் ஆப்பை இரவு பதினோரு மணிக்குத் திறப்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு தலை இருந்தால், அந்த முடிவு காலைவரையாவது தள்ளிப்போகும்.

வேலை போனவருக்கு நேரம் கிடைக்கிறதே, அதை உருப்படியாகப் பயன்படுத்தக் கூடாதா என்று உறவினர் கேட்பதுண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியெந்தால் என்ற ஊரில் நூற்பாலை மூடிய பிறகு, மேரி ஜஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய்ப் பார்த்து 1933-ல் ஒரு நூல் எழுதினார்கள். நாள் முழுக்கச் சும்மா இருந்த ஊரில், நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுவழியில் நின்றார்கள். சமையலும் துணி துவைப்பதும் காத்திருந்ததால் பெண்கள் வேகமாக நடந்தார்கள். குடும்பங்களின் மனநிலையைத் தரம் பிரித்துப் பார்த்தபோது, கைக்கு வந்த உதவித்தொகை குறையக் குறைய மனமும் படிப்படியாக இறங்கியிருந்தது. இதில் நமக்கு இரண்டு செய்தி இருக்கிறது. மனச்சோர்வு குணக்கேடு அல்ல, பணத்தோடு கட்டப்பட்டது. இன்னொன்று, அன்றாடம் செய்ய ஒரு வேலையும், அதற்குக் காத்திருக்க ஓர் ஆளும் இருந்தவர்கள் நடையை இழக்கவில்லை.

இங்கே பெற்றோர் பலரும் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: பிள்ளைகளுக்கு இதையெல்லாம் தெரியவிடக் கூடாது, படிக்கிற வயதில் கவலை எதற்கு. அன்பில் பிறந்த மறுப்பு, அதனால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். 1930-களின் பெருமந்தத்தில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் வளர்ந்த பிள்ளைகளின் வாழ்க்கையை ஆராய்ந்து கிளென் எல்டர் 1974-ல் எழுதினார். வீட்டில் வருமானம் சரிந்ததும் அந்தப் பிள்ளைகள் வீட்டு வேலையும் சிறு சம்பாத்தியமும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலர் பிற்காலத்தில் நன்றாகவே வந்தார்கள். கெடுதல் வந்த வழி பெரும்பாலும் அப்பாவின் சிடுசிடுப்பும் வெடிப்பும். அயோவா மாநிலத்து விவசாயக் குடும்பங்களை ராண்ட் காங்கர் பின்தொடர்ந்தபோதும் இதே சங்கிலிதான் தெரிந்தது: கடன் நெருக்கடி பெற்றோரின் மனத்தை வாட்டுகிறது, அது கணவன் மனைவி சண்டையாகிறது, சண்டை பிள்ளை வளர்ப்பைக் கெடுக்கிறது. மிகச் சிறிய பிள்ளைகள் தாங்குவது கடினம் என்பதையும் எல்டரின் பிந்தைய ஆய்வு காட்டியது. ஆகவே ஆறு வயதுக் குழந்தையிடம் வட்டி விகிதம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையிடம், "அப்பாவுக்கு இப்ப வேலை இல்லடா, ஃபீஸை ரெண்டு தவணையா கட்டப் போறோம், நீ வேன் நிறுத்திட்டு பஸ்ல போ" என்று சொல்லலாம். காரணம் தெரியாத பிள்ளை, அப்பாவின் கோபத்துக்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொள்ளும். அந்தச் சுமையைவிட உண்மை இலேசானது.

வெளியே தெரிந்தால் என்னாகும் என்ற பயம் வேறு வகை. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில், வாடகை வீட்டுக்காரர் மேல்மாடியில் இருக்கிற வீட்டில், அது வெறும் வீண்பெருமை இல்லை. தெரிந்தால் உண்மையிலேயே சில கதவுகள் மூடும். திருக்குறளில் வறுமையைப் பேசும் நல்குரவுக்கு அடுத்து யாசிப்பதைப் பேசும் இரவு, அதற்கு அடுத்து இரவச்சம் என்று அதிகாரங்கள் வருவது, கேட்பதில் இருக்கிற கூச்சம் எவ்வளவு பழையது என்பதைக் காட்டுகிறது. தெரு முழுக்கச் சொல்ல வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வீட்டுக்குள் எல்லாக் கடனும் ஒரே நோட்டில் இருக்க வேண்டும்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி, எதன்மேல் அடமானம். வீட்டுக்கு வெளியே ஒருவர் போதும். மூத்த சித்தப்பாவோ, நாத்தனாரோ, பழைய சக தொழிலாளியோ, பணம் கொடுக்க முடியாவிட்டாலும் கூட உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்க்கக்கூடியவர். அப்படி ஒருவரிடம் சொல்வதால் மூடும் கதவுகளைவிட, சொல்லாமலிருந்து கடைசியில் கடன்காரர் வாசலில் நின்று கத்தும்போது மூடும் கதவுகள் அதிகம்.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் இரத்தினமங்கலத்தில் லட்சுமி குபேரர் கோயில் இருக்கிறது. பணக்கஷ்டத்தில் இருப்பவர்கள் தேடி வரும் கோயில். திருமலைப் பெருமாள் தன் கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார், இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்ற கதை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கடனாளியான ஒருவரைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் சமூகம், கடன்பட்ட மனிதனை ஏன் கேவலமாகப் பார்க்க வேண்டும்? இதைவிட ஆழமாக என்னைத் தொடுவது பெரியபுராணம் சொல்லும் திருவீழிமிழலை நிகழ்ச்சி. பஞ்ச காலம். அப்பரும் சம்பந்தரும் அடியார்களோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். இறைவன் இருவருக்கும் பீடத்தில் தினம் ஒரு காசு வைக்கிறார். அப்பரின் மடத்தில் சமையல் நேரத்தோடு முடிகிறது, சம்பந்தரின் மடத்தில் தாமதமாகிறது. விசாரித்தால், சம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்றும்போது கடைவீதியில் வட்டம், அதாவது கழிவு, பிடிக்கிறார்கள். உடனே அவர் கோயிலுக்குப் போய், அந்தக் குறை இல்லாத காசு வேண்டும் என்று பதிகம் பாடுகிறார். சுந்தரரோ குண்டையூரில் கிடைத்த நெல்லை வீட்டுக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டும் என்று திருக்கோளிலியில் பாடுகிறார், மனைவி பரவையார் பசியோடிருப்பதையும் சொல்லி. அருளை மட்டும்தான் கேட்க வேண்டும், அரிசி பருப்பைக் கேட்பது தாழ்ந்த பக்தி என்று இந்த மரபு நினைக்கவில்லை. தொகையைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, ஒளிக்காமல் கேட்கிறது. குர்ஆன் ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் கடனாளியையும் வைக்கிறது, இக்கட்டில் இருப்பவருக்கு வசதி வரும்வரை தவணை தரச் சொல்கிறது. விவிலியத்தின் உபாகமம் ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிடச் சொல்கிறது. இந்த நூல்கள் எவையும் கடன்பட்டவரை ஒதுக்கி வைக்கவில்லை. இப்படித் தொகை சொல்லிப் பிரார்த்திக்கப் பழகியவருக்கு, அதே தொகையை வீட்டில் சொல்வது கொஞ்சம் எளிதாகும் என்று நம்புகிறேன்.

பக்தி மனிதனை விதியின் மேல் பழி போட்டுச் சும்மா உட்கார வைக்கும் என்று பகுத்தறிவாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்வினை என்று சொல்லி ஒருவரை அவரது கடனுக்குள்ளேயே விட்டுவிடும் போதனையும் இருக்கிறது. பரிகாரத்துக்கென்று இன்னொரு பத்தாயிரம் கடன் வாங்க வைக்கும் ஜோதிடமும், காணிக்கை போட்டால் பத்து மடங்கு திரும்பும் என்ற பிரசங்கமும் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை போதும். வழிபாடு முடிந்து வீடு திரும்பும்போது புதிய செலவு ஒன்றும் புதிய ரகசியம் ஒன்றும் கூட வந்தால், அந்த வழியை விட்டுவிடலாம். பைசா செலவில்லாமல் மனம் நிதானப்பட்டு, மறுநாள் வேலை தேடவோ வங்கியில் பேசவோ தெம்பு வந்தால், அதை எந்தப் பகுத்தறிவும் குறை சொல்லத் தேவையில்லை. சாமி கும்பிடாதவருக்கு அந்த நிதானம் சங்கக் கூட்டத்திலோ, விடியற்காலை நடையிலோ கிடைக்கலாம்.

கடைசி மறுப்புதான் கனமானது: பணப் பிரச்சினைக்குப் பணம்தான் மருந்து, மனம், பேச்சு, பிரார்த்தனை எல்லாம் வயிறு நிறைந்தவர்கள் சொல்வது. கரும்புக் காட்டு ஆய்வும் மரியெந்தாலும் இதைப் பாதி ஒப்புக்கொள்கின்றன. பணம் வந்ததும் புத்தி தெளிகிறது. அதனால்தான் 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையை நான் மனநலத் திட்டமாகவும் பார்க்கிறேன். ஆனால் கிடைக்கக்கூடிய உதவியும் பாதுகாப்பும்கூட வாய் திறந்தவருக்குத்தான் வருகின்றன. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி மூன்றையும் பெயர் சொல்லியே தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-லும் ஒரு சட்டம் வந்தது. வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நுண்கடனில் மாதத் தவணைகள் மொத்தமும் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் 2022 முதல் விதி இருக்கிறது. கடனை வீட்டாருக்கே மறைப்பவர் இவற்றில் எதையும் கேட்கப் போக முடியாது. புகார் கொடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். வசூலுக்கு வருகிறவரின் பெரிய பலமே அந்தப் பயம்தான். தூக்கம் போய், உயிர் வேண்டாம் என்ற நினைப்பே வந்துவிட்டால், மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசும். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பும் இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. வழக்கு, நோட்டீஸ் என்று வந்துவிட்டால், பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு, எண் 15100. வங்கிக் கடனைக் கோர்ட் கட்டணம் இல்லாமல் லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். அங்கே போகும்போது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போவது நல்லது, கையில் அந்தக் கடன் நோட்டோடு. எந்தக் கடனை முதலில் பேசுவது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று அங்கே கேட்பார்கள். இருவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டியிருக்கும்.