தொட்டி நிரம்பிய பிறகு...

பெங்களூரை அடுத்த தேவனஹள்ளி என்றதும் விமான நிலையமும் திப்பு சுல்தான் பிறந்த ஊர் என்பதும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தச் சிறு நகரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. செப்டிக் டேங்க் கசடைச் சுத்திகரிக்க, ஒரு நகரம் முழுமைக்குமென நம் நாட்டில் முதன்முதலாக அமைந்த நிலையம் 2015-ல் இங்குதான் இயங்கத் தொடங்கியது.

சிறிய ஊர்களில் பாதாளச் சாக்கடை எளிதல்ல. குழாய் பதிக்கப் பணம், பம்ப் ஓட்ட மின்சாரம், கழிவைத் தள்ளிச் செல்லத் தண்ணீர் மூன்றும் வேண்டும். ஆகவே வீட்டுக்கு வீடு குழியோ தொட்டியோதான். நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிப் போகிறது. போய் எங்கே கொட்டுகிறது? நிலையம் இல்லாத ஊரில் ஏரிக்கரையிலோ வயலிலோதான்! எருதானே என்று விரும்பி வாங்கும் விவசாயிகளும் உண்டு. ஆனால் பச்சைக் கசடில் குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

தேவனஹள்ளி நிலையம் நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கசடுக்காக வடிவமைக்கப்பட்டது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே பாயும் ஏற்பாடு. கசடு முதலில் மூடிய தொட்டிகளில் செரிக்கிறது. பிறகு மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைகளில் நீர் வடிந்து காய்கிறது. வடிந்த நீரைச் செடி வளர்த்த ஜல்லிப் படுகை சுத்தம் செய்கிறது. காய்ந்த கசடு ஊரின் மக்கும் குப்பையோடு சேர்ந்து உரமாகிறது. மக்கும்போது எழும் சூடே புழு முட்டைகளைக் கொல்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் ஊரின் ஜனத்தொகை சுமார் 28,000. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 5,600 வீடுகள். தொட்டிக்கு 3,000 லிட்டர் கசடு என்று வைத்தால் நாளுக்கு இரண்டு தொட்டி, 300 வேலை நாளில் 600 தொட்டி. ஒரு வீட்டின் முறை மறுபடி வர ஒன்பது வருஷத்துக்கு மேலாகும்! தொட்டியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை காலி செய்வதே முறை. ஆக, நிலையம் கட்டினால் மட்டும் போதாது; ஊர் அளவுக்கு அது வளரவும் வேண்டும்.

காலம் கடத்தினால் கசடு இறுகி, லாரிக் குழாய்க்கு வராது. அப்போதுதான் ஆளை இறக்கும் எண்ணம் வருகிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, வாசனை அறியும் சக்தியையே முதலில் மழுங்கடித்துவிடும். ஆபத்து தெரியுமுன் ஆள் சாய்ந்துவிடுவார். தகுந்த பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இவ்வாறு நேரும் மரணத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் வரும், போன உயிர் வருமா?

ரயில் பெட்டியின் ஓரத்தில், பெரிய பராமரிப்பு கடைசியாக நடந்த தேதியும் அடுத்து வரவேண்டிய தேதியும் பெயின்ட்டில் எழுதியிருக்கும். அன்பர்களே, உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் அப்படி இரண்டு தேதிகளைச் சுவரில் எழுதி வையுங்கள். லாரி வரும் நாளில், எங்கே கொண்டு போய்க் கொட்டுவார் என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.