மலைப்பயிற்சியும் சிறுநீரக ஊசியும்

மலைக்கோட்டைப் படிகளில் பாதி தூரம் ஏறியதும் மூச்சு வாங்குவது திருச்சிவாசிகளுக்குப் பழக்கமானதே. அதற்குக் காரணம் உயரம் அன்று. 83 மீட்டர் உயரமுள்ள அப்பாறையின் உச்சியிலும் திருவரங்கத்து வீதியிலும் காற்று ஏறக்குறைய ஒன்றே; கால்களின் உழைப்புத்தான் மூச்சிரைக்கச் செய்கிறது. உதகமண்டலத்தின் நிலை வேறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழக் கால் பங்கு குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் ஆக்சிஜனும் குறைகிறது.

1968-இல் ஒலிம்பிக் நடைபெற்ற மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ இதே உயரத்தில் உள்ளது. 10,000 மீட்டர் ஓட்டத்தில் அப்போது உலக சாதனையாளராக இருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் அங்கு ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். வென்றவர் கென்ய மேட்டுநிலத்தைச் சேர்ந்த நஃப்தாலி தெமு. தொலைதூர ஓட்டக்காரர்கள் மலைப்பயிற்சியை நாடும் வழக்கம் அதன்பின் வலுத்தது.

ஆக்சிஜன் குறைவதை உணர்ந்ததும், சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜையைத் தூண்ட, சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இதன் பயன் தெரிய மூன்று, நான்கு வாரங்கள் வேண்டும். கோடைச் சுற்றுலாவின் மூன்று நாட்கள் போதா! உடலில் இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் அந்த நான்கு வாரங்களும் வீணே. கீழிறங்கிய பின் பயனும் சில வாரங்களில் தேய்ந்துவிடும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு எரித்ரோபாய்ட்டின் என்ற பெயர் புதிதன்று. பழுதுற்ற சிறுநீரகத்தால் போதிய அளவு சுரக்க இயலாத அதே பொருளைத்தான் ஊசியாகச் செலுத்துகிறோம். உடன் இரும்புச்சத்து மருந்தும் தருவதற்குக் காரணம் மேலே சொன்னதே.

“ஹீமோகுளோபின் 11 தானே இருக்கிறது, ஊசியைக் கூட்டி 14 ஆக்கக் கூடாதா?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும், சிறுநீரக நோயாளிகளுக்கு 13 அல்லது அதற்கு மேல் உயர்த்த முயன்ற பெரிய ஆய்வுகள் சிலவற்றில் பக்கவாதம், இதயக் கோளாறு போன்ற தீங்குகள் கூடுதலாகக் காணப்பட்டன. மலையேறாமலே பலன் பெற இவ்வூசியைப் போட்டுக்கொள்ளும் விளையாட்டு வீரர்களுக்கும் குருதி தடித்து உறையும் ஆபத்து உண்டு. ஒலிம்பிக் குழு 1990-இல் இதனைத் தடைசெய்தது. போதிய ஆக்சிஜன் கிடைத்ததும் நலமான சிறுநீரகம் தன் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். ஊசிக்கு அந்த அறிவு இல்லை. ஆகவேதான் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, அளவைக் கூட்டியும் குறைத்தும் தருகிறோம்.

இரத்தசோகையோ இதய, நுரையீரல் நோயோ உள்ளவர்கள் உதகை, கொடைக்கானல் செல்ல எண்ணினால், புறப்படுமுன் அண்மைய பரிசோதனை அறிக்கையுடன் தங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள்.