பயோடேட்டாவில் கம்யூனிட்டி எதற்கு?

பிரவுசிங் சென்டரில் பயோடேட்டா அடித்துத் தரச் சொன்னால், பெரும்பாலும் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து பெயரையும் மார்க்கையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். தகப்பனார் பெயர், மதம், கம்யூனிட்டி, திருமணமானவரா, கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ என்று ஓர் உறுதிமொழி. அரசு விண்ணப்பப் படிவத்தின் சாயல் அப்படியே இருக்கும். தனியார் வேலைக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. தேவையில்லை என்பதோடு போனால் பரவாயில்லை, கெடுதலும் செய்யும்.

சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரித் தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுகிறவர்கள் குறைவு என்று பெருமைப்படுகிறோம். பெயர் சொல்லாததைக் கம்யூனிட்டி வரியில் நாமே எழுதிக் கொடுத்தால் அந்தப் பெருமைக்கு என்ன பொருள்? ‘எப்படியும் பின்னால் கேட்கத்தானே போகிறார்கள்’ என்பார்கள். கேட்கட்டும். தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும் வேலை உறுதியான பிறகு பிஎஃப் படிவத்துக்குத் தேவைப்படும், அப்போது கொடுக்கலாம். டிஎன்பிஎஸ்சி கதை வேறு: அங்கே இடஒதுக்கீட்டுக்குச் சாதி விவரம் வேண்டும், அதற்கென்று தனிப் படிவமும் இருக்கிறது. பெயரை வைத்தே மதத்தை ஊகிப்பவரை எந்த ரெஸ்யூமேயாலும் தடுக்க முடியாது என்பதும் உண்மைதான். அது நிறுவனங்கள் திருத்திக்கொள்ள வேண்டிய கோளாறு.

இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் பக்கம் காலியாகிவிடுமே என்பது புதிதாகப் படித்து முடித்தவர்களின் கவலை, நியாயமான கவலையும்கூட. ஆனால், அந்த இடத்தில் ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்’ என்று எழுதுவது வீண். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ‘கணக்கு வேலை தெரியும்’ என்பதைவிட, ‘மொத்த வியாபாரக் கடையில் ஆறு மாதம் டாலியில் தினமும் 40 பில் பதிந்தேன், மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கைச் சரிபார்த்தேன்’ என்ற வரிதான் நிற்கும். படிப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு இன்டர்வியூவில் கேள்வி கேட்கலாம். விடுமுறையில் பார்த்த பகுதிநேர வேலை, கல்லூரி ப்ராஜெக்ட்டில் தான் மட்டும் செய்த பகுதி, இவையும் அனுபவம்தான். பொய் எண் மட்டும் போடக்கூடாது; இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.